ஜம்போ பைக்குள் லைனர் போடுவதா, வேண்டாமா? கடலூர், புதுச்சேரி சரக்குகளை வைத்து ஒரு கணக்கு

ஐப்பசி மழை நெருங்கும்போதெல்லாம் கடலூர் சிப்காட்டிலும் புதுச்சேரி மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு பக்கத்திலும் ஜம்போ பை, அதாவது ஒரு டன் அளவு சரக்கு பிடிக்கும் பெரிய பை, வாங்குகிறவர்கள் ஆர்டரில் ஒரு வரி சேர்ப்பதுண்டு: “உள்ளே லைனர் போட்டுக் கொடுங்கள்.” லைனர் என்பது பைக்குள் போடும் பிளாஸ்டிக் பிலிம் உறை. ஆனால் எந்த பிலிம், எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம், பையோடு பிடித்துத் தைத்ததா, சும்மா உள்ளே தொங்குவதா என்று ஒன்றும் இருக்காது. சப்ளையரும் கையிலிருக்கும் பிலிமை வெட்டிச் சொருகி அனுப்பிவிடுவார். பையின் விலை ஏறும், நிரப்பும் வேகம் குறையும். மார்கழியில் பையைத் திறந்தால் சரக்கு கட்டிதட்டி நிற்கும். அப்புறம் “லைனர் சரியில்லை” என்ற பேச்சு. பெரும்பாலும் லைனர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கும். அதனிடம் எதிர்பார்த்த வேலைதான் வேறு.

லைனர் சரக்கைக் காயவைக்காது. நிரப்பிய நேரத்தில் சரக்கு எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே பூட்டி வைக்கும், அவ்வளவுதான். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு டன் பைக்குள் மணிகளுக்கு இடையிலும் மேலேயும் அரை கன மீட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 30 டிகிரி வெப்பத்தில் அந்தக் காற்று முழுக்க ஈரமாக இருந்தாலும் அதில் இருக்கும் தண்ணீர் சுமார் 15 கிராம். ஆனால் 1,000 கிலோ சரக்கில் ஒரு சதவீதம் ஈரம் இருந்தால் அது 10 கிலோ தண்ணீர். மழைக்காலக் காற்றை நினைத்துப் பயந்து பையை இறுக்கிக் கட்டுகிறோம். பத்து கிலோ எதிரி ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அதனால் லைனர் பற்றி முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் சரக்கு வெளியிலிருந்து ஈரத்தை வாங்குகிறதா, இல்லை உள்ளிருந்து ஈரத்தை விடுகிறதா?

லைனர் இல்லாமலே முடியும் இடங்கள்

ஜம்போ பை என்பது நெய்த பாலிபுரொப்பிலீன் துணி. நாடாவுக்கும் நாடாவுக்கும் நடுவில் இடைவெளி இருப்பதால், பொடியான சரக்கு என்றால் பையைத் தூக்கும்போதே புகை மாதிரி வெளியேறும். இதற்கு முதல் மருந்து துணியின் மேல் ஏறத்தாழ 25 மைக்ரான் கனத்தில் பூச்சு கொடுப்பது. பூச்சு துணியின் இடைவெளியை அடைக்கும், தையலை அடைக்காது. ஊசி இறங்கிய ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டை. அங்கே ஃபெல்ட் பட்டையோ பஞ்சுக் கயிறோ வைத்துத் தைத்தால் பொடி கசிவது நிற்கும். ஈரக் காற்று நிற்காது.

நெய்வேலி, விருத்தாசலம் பக்கத்துக் களிமண், மணல், கல்பொடி, சுண்ணாம்புக்கல் தூள் போன்றவற்றுக்கு இந்தப் பூச்சுத் துணியும் தூசி அடைக்கும் தையலும் தாராளமாகப் போதும். இவற்றுக்கு லைனர் போடுவது வீண் செலவு என்பதே என் கருத்து. வாங்குகிறவர் இதைத் தண்ணீரில் கரைக்கவோ சூளையில் சுடவோ போகிறார். கொஞ்சம் ஈரம் ஏறினால் அவருக்கு ஒன்றும் ஆகிவிடாது.

ஒரே உப்பு, இரண்டு பதில்

மரக்காணம் உப்பளத்து உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தண்ணீரை இழுக்கத் தொடங்கும். ஆனால் அளத்திலிருந்து அப்படியே வரும் கல்லுப்பில் மெக்னீசியம் குளோரைடு கொஞ்சம் கலந்திருக்கும். அது 35 சதவீத ஈரப்பதத்திலேயே தண்ணீரை இழுக்கிற ஆள். நம் கடற்கரையில் அவ்வளவு காய்ந்த காற்று எந்த மாதத்திலும் நிலையாக வீசாது. ஆகவே கல்லுப்பு எப்போதும் கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும். அதை லைனருக்குள் போட்டால் கசிகிற நீர் போக வழியில்லாமல் அடியில் தேங்கும். பையின் அடிப்பகுதி உப்புக் கரைசலாகும். கல்லுப்புக்குப் பூச்சுகூட வேண்டாம். வெறும் நெய்த துணிதான் சரி. நீர் வடியட்டும், கீழே பாலட் (சரக்கைத் தரையில் படாமல் தூக்கி வைக்கும் பலகைத் தட்டு) போட்டுவிடுங்கள்.

அதே உப்பைக் கழுவி, உலர்த்தி, அயோடின் சேர்த்துப் பொடியாக்கிவிட்டால் கதை தலைகீழ். இப்போது உள்ளே ஈரம் மிகக் குறைவு, வெளியே கடல் காற்று. மழைக்கால விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 80-ஐத் தாண்டுவது இங்கே சாதாரணம். இந்த உப்புக்கு லைனர் கட்டாயம். யூரியாவும் இதே கூட்டணிதான்: 30 டிகிரியில் அது தண்ணீரை இழுக்கத் தொடங்கும் எல்லை 73 சதவீதத்தை ஒட்டியது. சர்க்கரையின் எல்லை 85 சதவீதத்தை ஒட்டியது என்பதால் அது கொஞ்சம் பொறுமைசாலி.

சர்க்கரையில் வேறொரு சிக்கல் உண்டு. உலர்த்தியிலிருந்து வந்த சூட்டோடு லைனருக்குள் கொட்டிக் கட்டிவிட்டால், நடுப்பகுதி சூடாகவும் ஓரம் குளிர்ந்தும் நிற்கும். நடுவிலிருக்கும் ஈரம் ஓரத்துக்கு நகர்ந்து பிலிமின் உட்புறம் துளிர்க்கும், அங்கே ஒரு தோல் மாதிரி கட்டியாகும். சுட்ட முறுக்கைச் சூட்டோடு டப்பாவில் போட்டு மூடினால் நமத்துப்போகுமே, அதே சங்கதி. சூடான சரக்கை ஆறவைக்க இடமோ நேரமோ இல்லாத ஆலைக்கு லைனர் உதவி செய்வதைவிட உபத்திரவம் செய்வதே அதிகம்.

பண்ருட்டிக்கும் விருத்தாசலத்துக்கும்

ஓட்டோடு இருக்கும் முந்திரிக்கொட்டை, நிலக்கடலை இரண்டும் உயிருள்ள விதைகள். அவை மூச்சு விடும். மூச்சோடு ஈரமும் சூடும் வரும். கொட்டையைக் கோணிச் சாக்கிலேயே கட்டும் வழக்கத்துக்குக் காரணம் பழமை மட்டும் இல்லை, சாக்கு காற்றை விடும். சரியாகக் காயாத கொட்டையைச் சாதாரண பாலித்தீன் லைனரில் அடைத்தால் பூஞ்சை உறுதி. கடலையில் பூஞ்சை என்றால் அது சுரக்கும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு. ஐரோப்பியச் சந்தையில் நேரடியாக உண்ணும் கடலைக்கு மொத்த அஃப்ளடாக்சின் வரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம்தான். ஒரு பை கெட்டாலும் முழுச் சரக்கும் திரும்பி வரக்கூடும்.

காற்றே புகாத ஹெர்மெட்டிக் லைனர் என்று ஒன்று இருக்கிறது. விதையும் பூச்சியும் உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்த்து, பூச்சி தானாகச் செத்துவிடும். மருந்து அடிக்க வேண்டாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்கு ஆக்சிஜனை மறிக்கும் அடுக்கு உள்ள பிலிம் வேண்டும், அதைவிட முக்கியமாக நன்றாகக் காய்ந்த சரக்கு வேண்டும். சாதாரண பாலித்தீன் பிலிமை ஹெர்மெட்டிக் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். பாலித்தீன் தண்ணீர் ஆவியை ஓரளவு நன்றாகவே மறிக்கும்; ஆக்சிஜனை மறிப்பதில் ரொம்ப மோசம்.

உடைத்து வறுத்த முந்திரிப் பருப்புக்கு ஜம்போ பை பேச்சே தேவையில்லை. 11.34 கிலோ உறையில் காற்றை இழுத்து வாயு நிரப்பி, இரண்டிரண்டாகப் பெட்டியில் போடும் முறை இருக்கும்போது டன் கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பருப்பை அமுக்கி உடைப்பானேன்?

பிலிமின் கனம்: எவ்வளவு போதும்?

இந்தக் கேள்விக்கு எண்ணிலேயே பதில் சொல்லலாம். 38 டிகிரி, 90 சதவீத ஈரப்பதம் என்ற கடுமையான சோதனைச் சூழலில், 25 மைக்ரான் எல்.டி.பி.இ. (குறை அடர்த்திப் பாலித்தீன்) பிலிம் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் 15 முதல் 20 கிராம் ஆவியை விடும். கனம் நான்கு மடங்கானால் கசிவு நாலில் ஒரு பங்காகும். 100 மைக்ரானில் 4 அல்லது 5 கிராம் என்று வையுங்கள். 90 சென்டிமீட்டர் சதுரமும் 120 உயரமும் உள்ள பையின் மேற்பரப்பு ஏறத்தாழ 6 சதுர மீட்டர். நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம். மூன்று மாதம் கிடந்தால் இரண்டரை கிலோ, அதாவது ஒரு டன்னில் கால் சதவீதம். நம் குடோனில் அவ்வளவு கொடுமை இருக்காது, பாதி என்று வைத்தாலும் தப்பில்லை.

இந்தக் கால் சதவீதம் உங்கள் சரக்குக்குப் பெரிய விஷயமா என்பதில்தான் முடிவு இருக்கிறது. ஒரு வாரத்தில் சென்னைத் துறைமுகம் வழியாகப் போய்விடும் சரக்குக்கு 50 மைக்ரானே போதும். மழை முழுக்கக் குடோனில் கிடக்கப்போவதற்கு 100. எச்.டி.பி.இ. (உயர் அடர்த்திப் பாலித்தீன்) கலந்த பிலிம் அதே கனத்தில் ஆவியை இன்னும் நன்றாக மறிக்கும், ஆனால் விறைப்பாக இருக்கும், மடிந்த இடத்தில் கீறும். எல்.எல்.டி.பி.இ. (நேரியல் குறை அடர்த்திப் பாலித்தீன்) குத்தினாலும் இழுத்தாலும் தாங்கும். கூர்மையான படிகம் உள்ள சரக்குக்கு நான் எல்.எல்.டி.பி.இ. கூடிய கலவையைத்தான் சொல்வேன்.

செலவும் எடையில்தான். மேலே சொன்ன அளவுப் பைக்கு, மேல்வாய் கீழ்வாய் சேர்த்து, குழாய் வடிவ லைனருக்குச் சுமார் 10 அல்லது 11 சதுர மீட்டர் பிலிம் வேண்டும். 100 மைக்ரானில் அது ஏறத்தாழ ஒரு கிலோ, 50 மைக்ரானில் அரைக் கிலோ. அன்றைய பிலிம் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஜம்போ பையே ஒன்றரை, இரண்டு கிலோ எடைதான் என்பதால், கனமான லைனர் சின்னச் சேர்க்கை இல்லை.

தொங்கும் லைனரா, பையின் வடிவ லைனரா?

ஆலைக்காரர்கள் அதிகம் திட்டுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தொங்கும் லைனர் என்பது இரண்டு பக்கமும் மடிப்பு வைத்த நீளக் குழாய். மலிவு, எல்லா சப்ளையரிடமும் கிடைக்கும். சதுரப் பைக்குள் வட்டக் குழாய் போகும்போது மூலைகளில் இடம் காலியாக நிற்கும், பிலிம் சுருங்கி மடியும். அந்த மடிப்புகளுக்குள் பொடி சிக்கும். ஒவ்வொரு பையிலும் கொஞ்சம் வெளியே வராமல் தங்கிவிடும். விலை உயர்ந்த சரக்கு என்றால் இந்த மிச்சமே லைனர் விலையைத் தாண்டும். நிரப்பும்போது மடிப்பில் பாரம் ஏறினால் பிலிம் இழுபட்டுக் கிழியவும் செய்யும். நிரப்பும் முன் ஊதுகாற்றால் லைனரை நன்றாக விரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அவசரத்தில் முதலில் விட்டுப்போகும் வேலையும் அதுதான்.

இதைவிடப் பெரிய தலைவலி காலி செய்யும்போது. சரக்கு வேகமாக இறங்கினால் லைனரும் கூடவே இழுபட்டு, கீழே சரக்கை வாங்கும் புனல் மாதிரியான ஹாப்பருக்குள் விழும். அதன் கீழே ரோட்டரி வால்வு (சுழன்று சரக்கை வெளியே தள்ளும் வால்வு) இருந்தால் பிலிம் அதில் சுற்றிக்கொள்ளும். லைன் நிற்கும், ஒருவர் உள்ளே கை விட வேண்டியிருக்கும். இது பாதுகாப்பு விஷயமும்கூட. லைனரைப் பையோடு பிடித்து வைக்கக் காது வைத்துத் தைப்பது, அங்கங்கே பசை வைத்து ஒட்டுவது, மேல்வாயைப் பையின் வாய்க்கு மேல் மடித்துக் கட்டுவது என்று வழிகள் உண்டு. ஒன்றையாவது கேட்டு வாங்குங்கள். பூச்சே இல்லாத வழவழப்பான துணிக்குள் கட்டில்லாமல் தொங்கும் லைனர் இருப்பதில் மோசமான கூட்டு.

வடிவ லைனர் பையின் அளவுக்கே வெட்டி வெப்பத்தில் ஒட்டியது. மூலை நிறையும், பை நேராக நிற்கும், அடுக்கினால் சாயாது, கடைசிக் கையளவு வரை சரக்கு இறங்கும். விலை கூடுதல், குறைந்தபட்ச ஆர்டர் அளவும் கூடுதல். உங்கள் பை அளவை அடிக்கடி மாற்றுகிறவர் என்றால் இது சரிப்படாது. ஒரே சரக்கு, ஒரே அளவு, வருஷம் முழுக்க என்றால் யோசிக்காமல் இதற்குப் போகலாம்.

தீப்பொறி இருக்கும் இடத்தில்

சாயப்பொருள், மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஆலைகள் இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படிக்கலாம். பொடி இறங்கும்போது பிலிமில் நிலைமின்சாரம் ஏறும். பக்கத்தில் கரைப்பான் ஆவி இருந்தால் ஒரு பொறி போதும்.

ஐ.இ.சி. 61340-4-4 என்ற சர்வதேசத் தரம், நிலைமின்சாரத்தைக் கையாளும் விதத்தை வைத்து ஜம்போ பைகளை ஏ, பி, சி, டி என்று பிரிக்கிறது; லைனர்களை எல்-1, எல்-2, எல்-3 என்று. கடையில் கிடைக்கும் சாதாரண பாலித்தீன் மின்சாரத்தைக் கடத்தவே கடத்தாது. அப்படிக் கடத்தாத பிலிமில் எல்-3 தரத்துக்கு உட்பட்டது, ‘பி’ வகைப் பைக்குள் மட்டுமே போகலாம், அதுவும் தீப்பிடிக்கும் ஆவி இல்லாத இடத்தில். தரையிணைப்புக் கம்பி மாட்டும் சி வகைப் பையைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, அதற்குள் சாதாரண லைனரைச் சொருகினால், அந்தப் பைக்குக் கொடுத்த காசும் பாதுகாப்பும் ஒன்றாகப் போயின. வெளியே கம்பி மாட்டியிருக்கும், உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும், அதுதான் ஆபத்து. அலுமினிய அடுக்குள்ள லைனரும் தரையிணைப்பு இல்லாவிட்டால் மின்சாரத்தைச் சேர்த்து வைத்து ஒரே பொறியாக விடும். இங்கே மலிவு, விலை என்ற ஒப்பீடே கூடாது. பையையும் லைனரையும் ஒரே சப்ளையரிடம், ஒரே சான்றிதழில் வாங்குங்கள்.

ஆபத்தான சரக்கு என்று வகைப்படுத்தப்பட்டவற்றுக்கு ஐ.நா. குறியீடும் உண்டு: நெய்த துணி மட்டும் 13எச்1, பூச்சுடன் 13எச்2, லைனருடன் 13எச்3, இரண்டும் சேர்ந்தால் 13எச்4. லைனர் இல்லாத குறியீட்டுப் பைக்குள் நீங்களே ஒரு லைனரைப் போட்டுக்கொண்டால் அது 13எச்3 ஆகிவிடாது. சோதனை செய்தது எந்த வடிவமோ அதற்குத்தான் அச்சு.

அலுமினியம் எப்போது?

அலுமினியத் தகடு சேர்ந்த லைனர் ஈரம், ஆக்சிஜன், வெளிச்சம், வாசனை நான்கையும் மறிக்கும். பால் பவுடர், சில மருந்துப் பொருள்கள், ஆக்சிஜன் பட்டால் கெடும் ரசாயனங்கள் என்றால் சரி. மற்றவர்களுக்கு இது கௌரவச் செலவு. மடித்து மடித்துக் கையாண்டால் தகட்டில் ஊசித்துளைகள் விழும், அப்புறம் மறிப்பு குறையும். அதோடு “அலுமினியம்” என்று சொல்லி மெட்டலைஸ்டு பிலிமை (பிளாஸ்டிக் மேல் மெல்லிய உலோகப் பூச்சு மட்டும் உள்ளதை) தள்ளிவிடும் ஆட்கள் உண்டு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: மெட்டலைஸ்டு என்றால் விளக்கு மங்கலாகத் தெரியும். நல்ல தகடு என்றால் இருட்டு. அழுத்தி மடித்தால் மடிப்பு அப்படியே நிற்கும்.

ஆக்சிஜனை மட்டும் மறிக்க இ.வி.ஓ.எச். என்ற ஒரு வகை பிளாஸ்டிக் அடுக்குள்ள பிலிம் இருக்கிறது. அந்த அடுக்கு ஈரமானால் அதன் சக்தி குறையும். இரண்டு பக்கமும் பாலித்தீன் போர்த்தியிருப்பது அதற்காகத்தான்.

கழிவுக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். வெறும் பாலித்தீன் லைனருக்குப் பழைய பிளாஸ்டிக் கடையில் காசு கிடைக்கும். தகடு ஒட்டியதை யாரும் வாங்க மாட்டார்கள். பிளாஸ்டிக் கழிவு விதிகளில் உற்பத்தியாளர் பொறுப்பு கணக்கிடும்போதும் இது தனிப் பிரிவில் போகும்.

மழையே வந்துவிட்டால்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி நாளில் குடோன் தரையில் ஒரு சாண் தண்ணீர் நின்றால் எந்த லைனரையும் நம்ப முடியாது. தண்ணீர் கீழ்வாய்க் கட்டு வழியாக நுழையும். நுழையாவிட்டாலும் துணிக்கும் பிலிமுக்கும் நடுவில் தேங்கி நாள்கணக்கில் கிடக்கும். தாழ்வான பகுதியில் குடோன் வைத்திருப்பவர் லைனரை 50-லிருந்து 100 மைக்ரானாக ஏற்றும் காசில் உயரமான பாலட்டும் நல்ல தார்ப்பாயும் வாங்குவது மேல்.

ஆர்டரில் எழுத வேண்டியது

பிலிம் வகை, மைக்ரான், குழாயா வடிவமா, பையோடு பிடிக்கும் முறை, மேல்வாய் கீழ்வாய் நீளம். உணவுச் சரக்கு என்றால் ஐ.எஸ். 10146 என்ற இந்தியத் தரத்துக்கு உட்பட்ட, மறுசுழற்சி செய்யாத புதுப் பிளாஸ்டிக் பிசின் என்றும் எழுதுங்கள். மேல்வாயில் தாராளமாக நீளம் கேளுங்கள். கட்டுகிறவர் வாயை முறுக்கி, வளைத்து மடித்து, மேலே இரண்டாவது முறை கட்ட வேண்டும். லைனர் குட்டையாக இருந்தால் ஒரு சுற்றுக் கயிறோடு நிறுத்திவிடுவார். அந்த ஒரு சுற்றில் காற்று தாராளமாகப் போய்வரும். பிலிம் எத்தனை மைக்ரானாக இருந்தும் பலனில்லை.

சரக்கு வந்ததும் லைனர் ஒன்றைப் பிரித்து, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஒற்றைப் பிலிமாக வெட்டி எடை போடுங்கள். 100 மைக்ரான் என்றால் 92 கிராம் வர வேண்டும், 50 என்றால் 46. பில்லில் கேஜ் கணக்கில் எழுதியிருந்தால் நாலால் வகுத்துக்கொள்ளுங்கள். 400 கேஜ் என்பது 100 மைக்ரான். பத்து சதவீதம் முன்னே பின்னே இருப்பது பிலிம் தொழிலில் வழக்கம். 92 வர வேண்டிய இடத்தில் 80-க்குக் கீழே வந்தால், மீதி லோடை இறக்கும் முன்பே சப்ளையருக்குப் போன் போட்டுவிடுங்கள்.